சீனத்துத் தாளும் கொல்லத்து நூலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பண்டைச் சீனரின் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். எங்கோ இருக்கும் சீனத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வாழும் இம்மலையாள நாட்டின் அடுக்களையே அதற்கு விடை கூறும். பொரிப்பதற்குரிய குழிந்த இரும்புச் சட்டி இங்கே சீனச்சட்டி; மாங்காய் ஊறும் மெருகிட்ட சாடி சீனபரணி. கொச்சிக் கரையில் மீன் பிடிப்பது சீனவலை.

அவ்வலையின் நுட்பம் எளியது. கரையில் ஊன்றிய பெரிய மரச் சட்டத்தின் ஒரு முனையில் வலை விரிந்திருக்கும். மறுமுனையில் கயிறுகளில் கற்கள் தொங்கும். இருபுறத்து எடையும் ஏறக்குறைய நிகராதலால், ஒருவர் மரத்தின்மேல் நடந்தாலே வலை நீருள் தாழும். சிலர் கூடிக் கயிற்றை இழுத்தால் மேலெழும். நம் ஊர்க் கிணற்று ஏற்றமும் இத்தகையதே. சீன வணிகர் இதனைக் கொணர்ந்தனர் என்பர். மக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்தனர் என்பாரும் உளர்.

சீனக் கலங்கள் வந்து தங்கிய துறைமுகங்களுள் நம் அண்டை நகரமாகிய கொல்லமும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் குப்லாய்கானின் தூதர் அங்கு வந்தனர். தமிழரும் சீனம் சென்றனர். சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியைச் சுவான்சௌ நகரத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது.

எனினும் சீனர் உலகுக்கு ஈந்த கொடைகளுள் தலைசிறந்தது தாள் என்றே கருதுகிறேன். கி.பி. 105இல் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் தாள் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி மன்னருக்கு அறிவித்தார். மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, சல்லடையில் வார்த்து உலர்த்துவதே அம்முறை. பயனற்றவை என எறியப்பட்டவை அறிவைத் தாங்கும் ஏடுகளாயின! அத்தாளின்மேல் மரக்கட்டையால் அச்சிடும் கலையையும் சீனரே வளர்த்தனர். 868ஆம் ஆண்டு அச்சிட்ட பௌத்த நூலொன்று இன்றும் இலண்டனில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் பீ செங் என்பார் சுட்ட களிமண்ணால் தனித்தனி எழுத்துகளைச் செய்து கோத்து அச்சிட்டார். ஐரோப்பாவில் கூட்டன்பர்க்கு உலோக எழுத்துகளால் அச்சிட்டது அதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்தே. தாள் செய்யும் கலையோ அராபியர் வழியாக அங்கு முன்னரே சென்றிருந்தது.

இனி நம் செய்திக்கு வருவோம். இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்திலேயே அச்சேறியது தமிழ். 1578 அக்டோபர் 20ஆம் நாள் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறு நூல் வெளிவந்தது. போர்த்துக்கீசிய மூலத்தைத் தமிழாக்கியவர் அன்றீக்கு அடிகளார். அச்சிட்ட இடம் சென்னையன்று, மதுரையன்று. இங்கிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டரில் உள்ள அதே கொல்லம்! அந்நூலின் தாள் சீனத்திலிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர் குறிப்பர்.

அன்பர்களே! தமிழ் அச்சேறிய மண்ணின் அருகே வாழும் நம் இல்லங்களில் நிலை யாது? பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுவோர் பலர். பாட்டியின் கடிதத்தைத் தாய் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்பது நன்றே. சோறிட்ட நாட்டின் மொழியை அறிதல் நம் கடமை. ஆனால் பேச்சு மட்டும் எஞ்சி எழுத்து நழுவுமாயின், அடுத்த தலைமுறைக்கு நம் நூல்கள் அனைத்தும் வெற்றுத் தாளே ஆகும்.

எனவே ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் சங்கத்தில் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துவோம். கற்பிக்க வல்லோர் இவ்வவையிலேயே உள்ளனர். வீட்டுக்கொரு நூல் தந்தால் நூலகமும் அமையும். முதற்கண் என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டி அமைகின்றேன்.

வாழ்க தமிழ்!