பிள்ளைகளின் மனசுக்கும் ஒரு ஓ.பி. வேண்டும்



பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் நாம் காத்திருப்பதில்லை. ஜீப்பைப் பிடித்தாவது கொண்டுபோகிறோம். அதே பிள்ளை ஒரு மாதமாகத் தூங்கவில்லை, சோற்றில் கைவைக்கவில்லை, புத்தகத்தைத் திறந்தால் அழுகிறது என்றால்? 'கொழுப்பு' என்கிறோம். 'போனைப் பிடுங்கு' என்கிறோம். பிறகு காத்து கருப்பு என்று பூசாரியிடம் போகிறோம். திருநீறு பூசுவதை நான் தடுக்கவில்லை, தாராளமாகப் பூசுங்கள். பூசிவிட்டு டாக்டரிடமும் காட்டுங்கள். ஆனால் எந்த டாக்டரிடம், எங்கே? அதைக் கேட்கத்தான் கோவிலூரில் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

மனநோய்களில் பாதி, 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு தெரிந்தது. 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். கொரோனா ஊரடங்கு நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் கடைசிக்கும் ஜூலைக்கும் நடுவில் கேரளத்தில் 66 பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று முதலமைச்சரே அறிவித்தார். அந்த வருடம்தான் 'சிரி' என்று போலீஸே பிள்ளைகளுக்காக ஒரு போன் சேவை தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் எத்தனை பிள்ளைகள் போன பிறகு!

இது தர்மம் கேட்கும் விஷயம் அல்ல. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசிடம் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. பிள்ளைகளுக்கான மனநலச் சேவையைத் தனியாகவே குறிப்பிடுகிறது. 22ஆவது பிரிவு, நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. கேரளத்தில் தமிழ் பேசும் நமக்கு இதுதான் உயிரான விஷயம். மாவட்ட மனநலத் திட்டம் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் உண்டு, நம் இடுக்கியிலும் உண்டு. ஆனால் 1956இல் எல்லை பிரித்தபோது மலையோடு சேர்ந்து நம் பேச்சும் கேரளப் பக்கமே நின்றுவிட்டதே, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

நம் பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியும் என்பீர்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும் பூண்டுக்கு விலை பேசவும் அது போதும். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதைச் சொல்லப் போதாது. ராத்திரி சாகத் தோன்றியதைச் சொல்லப் போதாது. மலைக்குடிகளிலிருந்து வரும் முதுவான் பழங்குடிப் பிள்ளைகளுக்கோ அவர்களுடைய பேச்சே வேறு. மொழி தெரியாத கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்த பிள்ளை 'ஒண்ணுமில்ல சார்' என்று எழுந்து வந்துவிடும். ஏட்டில் அதற்கும் சிகிச்சை கொடுத்ததாகப் பதிவாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சக்கிலியர் சமூகத்தாருக்கு முடிவெட்ட மறுத்த கொடுமை இந்த ஊரில் நடந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட சிறுவனின் மனசுக்கு என்ன மருந்து? 2020இல் நம் பஞ்சாயத்து ஒரு பொது பார்பர் ஷாப்பைத் திறந்தது, யார் வந்தாலும் உட்காரலாம் என்று. அதை நான் பெருமையோடு சொல்கிறேன். ஒரு நாற்காலியையும் கண்ணாடியையும் வைத்துத் தலைமுறைக் காயத்துக்கு மருந்து போட முடிந்த பஞ்சாயத்துக்கு, நம் ஆஸ்பத்திரியில் ஓர் அறை ஒதுக்குவது பெரிய காரியமா? கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்தின் பொறுப்பில்தானே இருக்கின்றன!

மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், தமிழ் பேசும் மனநல டாக்டர் இங்கே வந்து ஓ.பி. பார்க்க வேண்டும். பள்ளிக்குத் தமிழ் தெரிந்த கவுன்சிலர் வேண்டும். முதுவான் குடிகளுக்குப் போக, அந்தக் குடிகளிலேயே படித்த பெண் ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இங்கிருந்து மூணாறு 45 கிலோமீட்டர். மருந்து வாங்க அங்கே போய் ஒரு நாள் கூலியை இழக்கும் தாய், இரண்டாவது மாதம் போக மாட்டாள்.

அதுவரை 14416 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். டெலி மானஸ், மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசி சேவை. தமிழிலும் பேசலாம்.

அடுத்த கிராமசபைக்கு வேலையை நிறுத்திவிட்டு வாருங்கள். இந்தக் கோரிக்கைகளுக்கான தீர்மானத்தைத் தமிழில்தான் எழுதியிருக்கிறோம். தமிழில் எழுதியதை வாங்க மாட்டோம் என்று எந்த அலுவலகமாவது சொன்னால், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்கிற 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்தை எடுத்துக் காட்டுவோம்.