ஆற்றங்கரையும் உள்ளூராட்சியும்: பட்டிப்பொல முதல் தலவாக்கலை வரை

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் உள்ளதாகிய பட்டிப்பொல, நுவரெலியா மாவட்டத்தில், ஹோட்டன் சமவெளியை அடுத்து, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து ஒஹியாவை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை ஒரு சுரங்கத்தைக் கடந்து ஊவா மாகாணத்துள் இறங்கிவிடுகிறது. சமவெளிப் பக்கம் ஊற்றெடுக்கும் ஆக்ரா ஓயாவோ தேயிலைச் சரிவுகளுக்கிடையே ஓடி, டம்பகஸ்தலாவை ஓயா, நானு ஓயா ஆகியவற்றின் நீரையும் சேர்த்துக்கொண்டு, கொத்மலை ஓயா என்ற பெயருடன் தலவாக்கலை நகரைத் தொட்டு மகாவலியை அடைகிறது. ஓயா என்பது மகாவலி போன்ற பேராற்றைவிடச் சிறிய, ஓடையைவிடப் பெரிய நீர்வழிக்கு வழங்கும் சிங்களப் பெயராகும்.

இந்நீர்வழியின் கரைகள் ஒரே நிருவாகத்தின்கீழ் இல்லை. நுவரெலியா மாநகர சபை, தலவாக்கலை-லிந்துலை நகர சபை ஆகியவற்றுடன் அக்கரபத்தனை, கொட்டகலை, கொத்மலை முதலிய பிரதேச சபைகளும் இப்படுகையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பிரதேச சபை என்பது நகரமல்லாத பகுதிகளின் வீதி, வடிகால், குடிநீர், சந்தை, மயானம் போன்றவற்றைப் பராமரிப்பதற்கு மக்களால் தெரிவுசெய்யப்படும் உள்ளூராட்சி மன்றமாகும். தேயிலைத் தோட்டங்களுட் பெரும்பாலானவை இச்சபைகளின் எல்லைக்குள்ளேயே உள்ளன. எல்லைக்குள் இருந்தும் ஆட்சிக்குள் இல்லாமற் போன ஒரு சமூகத்தின், அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின், நிலையே இப்பகுதியின் உள்ளூராட்சி வரலாற்றில் முதன்மையாக ஆராயத்தக்கதாகும்.

1930களின் பிற்பகுதியில், அக்கால உள்ளூராட்சி மன்றங்களான கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; இந்திய வம்சாவளியினருள் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முடிவுக்கு வந்தது. இதற்கிடையில் இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் 33ஆம் பிரிவின் வழியாக, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தோட்டத்து வீதியும் லயமும், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளும், தனியார் சொத்தாகக் கருதப்பட்டமையே இதற்குரிய நியாயமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் பயிர் நிலத்தின்மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரத்தை அதே சட்டம் அதே சபைகளுக்கு வழங்கியிருந்தது. நிலத்துக்கு வரி கேட்கலாம், அந்நிலத்தில் உழைப்பவரின் வாக்கையும் கேட்கலாம், அவர் வீட்டு வாசலுக்கு ஒரு கல் போட மட்டும் முடியாது என்ற இந்த ஏற்பாடு வெளிப்படையான அநீதியேயாகும்.

இதன் விளைவைத் தோட்டத்துக் கான், அதாவது கழிவுநீர் வடிகால், ஒன்றே தெளிவாகக் காட்டும். மேட்டு ஓடையிலிருந்து குழாய்வழியே பீலிக்கு, அதாவது பொது நீர்க்குழாய்க்கு, வரும் நீரில் குளிப்பும் துவைப்பும் பாத்திரம் கழுவுதலும் முடிய, கழிவுநீர் லயத்து வாசலையொட்டி ஓடும் கானில் விழுகிறது. அக்கான் தேயிலை மலைக்குள் இறங்கி ஓடையையும், ஓடை ஓயாவையும் சேர்கிறது. கான் அடைபட்டால், அது பொதுச்சேவை என்று தோட்ட நிருவாகம் சபையைச் சுட்டும். அது தனியார் காணி என்று சபை நிருவாகத்தைச் சுட்டும். மழைக்காலத்தில் வாசலேறிய சேற்றைத் தொழிலாளரே மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவர். ஆனால் நீர் எந்த எல்லையிலும் நிற்பதில்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய, 150 மெகாவாட் திறனுடைய மேல் கொத்மலை மின்னிலையத்துக்காகத் தலவாக்கலையில் கட்டப்பட்ட அணைக்குள் அந்த நீரே தேங்குகிறது. தேசத்துக்கு மின்சாரம் தரும் ஆறு, தன் கரைவாசிகளின் வடிகாலையும் சுமந்தே அங்கு வந்து சேர்கிறது.

2018ஆம் ஆண்டு இருவகையில் முக்கியமானது. அதுவரை நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரும் பிரதேச சபைகளாக இருந்த பரப்பிலிருந்து அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு அவ்வாண்டு பெப்ரவரியில் தேர்தலும் நடந்தது. அதே ஆண்டில் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்குள் சபைகள் பணியாற்ற வழி திறந்தது. இது நீண்ட கோரிக்கைக்குக் கிடைத்த உண்மையான வெற்றி. அதனைச் சிறுமைப்படுத்துதல் தகாது. எனினும் செலவிடும் அதிகாரம் வந்ததேயன்றி நிலத்தின் உரிமை மாறவில்லை. காணி அரசுடையது, குத்தகை 1992 முதல் நிருவாகப் பொறுப்பேற்ற பெருந்தோட்டக் கம்பனிகளுடையது, லயத்தில் வாழ்பவரோ பெரும்பாலும் உறுதிப்பத்திரம் அற்றவர் என்ற நிலையில், ஒரு வீதியைக் கொங்கிறீற் இடுவதற்கும் பலரின் இணக்கம் தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு, 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் தள்ளிப்போடப்பட்டமையால், 2025 மே 6ஆம் திகதித் தேர்தல்வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே அவை இயங்கின.

ஆகவே, இன்று பதவியிலிருக்கும் சபைகள் செய்யவேண்டிய முதற் பணி, தத்தம் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு தோட்டத்தின் வீதியையும் பீலியையும் கானையும் தமது பராமரிப்புப் பதிவேட்டில் ஏற்றுவதும், ஓயாவின் கரையிலுள்ள சபைகள் ஒன்றுகூடி அதன் நீருக்குப் பொதுத் திட்டம் வகுப்பதுமாகும். கம்பனிகளும் அரசும் அதற்கு வேண்டிய காணி இணக்கத்தைத் தாமதமின்றி எழுத்தில் வழங்குதல் வேண்டும்.