துணியும் தையலும்: மதுரைப் புதுமண்டபத்துத் தையற்காரர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், சின்னசேலத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய மேடையில் தையற்காரரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். காப்பியமும் கவிதையும் பேசப்படும் இடத்தில் கத்தரிக்கும் ஊசிக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். தமிழில் ஆடையைக் குறிக்கும் சொற்களை எடுத்து வைத்துப் பார்த்தால் அவ்வியப்பு நீங்கிவிடும்.

துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை, கூறு செய்யப்பட்டது கூறை. தறியிலிருந்து அறுத்தெடுத்த செயலே ஆடைக்குப் பெயராகி நின்றது என்பர். ஆனால் அவ்வெட்டு நெசவாளியின் வெட்டு. பாவின் நீளமும் தறியின் அகலமும் அதன் அளவைத் தீர்மானித்தன. உடுப்பவர் நெட்டையா குட்டையா என்பது அங்குக் கணக்கில் இல்லை. வேட்டியும் புடைவையும் எவருடைய உடம்புக்கும் இசைந்து கொடுப்பன. ஆடைக்கு இரண்டாவது வெட்டு ஒன்று உண்டு. அது ஒருவருடைய உடம்பை அளந்து, அவருக்கென்றே வெட்டப்படுவது. பிழைத்துவிட்டால் மீண்டும் முழுத்துணி ஆகாதது. அவ்விரண்டாம் வெட்டுக்கு உரியவரே தையற்காரர்.

பழந்தமிழ் நூல்கள் அவரை அறியாதவை அல்ல. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கிறது. துன்னுதல் என்றால் தைத்தல். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த தன் கந்தலைக் கரிகாலன் களைந்து, பாம்பின் தோலை ஒத்த மெல்லிய ஆடையைத் தந்ததாகக் கூறுகிறான். அங்குத் தையல் என்பது வறுமையின் அடையாளம். செல்வத்தின் அடையாளமோ தைக்காத நுண்ணாடை. முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் அணிந்த மெய்ப்பையும், சிலம்பில் கஞ்சுக மாக்கள் அணிந்த கஞ்சுகமும் தைத்த மேலாடைகள்தாம். எனினும் அவற்றை அணிந்தவர் அயல்நாட்டுக் காவலரும் அரசுப் பணியாளருமே. உடம்பின் அளவுக்குத் தைத்த சட்டை எல்லார்க்கும் உரியதானது மிகப் பிற்காலத்தில்தான்.

துணி வாணிகத்திற்கோ நீண்ட மரபு உண்டு. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையில் கண்ட வீதிகளுள் அறுவை வீதியும் ஒன்று. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டு நூலாலும் நெய்த துணிகள் நூற்றுக்கணக்கில் மடித்து அடுக்கப்பட்டிருந்த வீதி அது. அந்த மதுரையிலேதான், பிற்காலத்தில், துணி விற்பவரும் துணி தைப்பவரும் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வாழ்ந்தனர். அக்கூரையே புதுமண்டபம்.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே, முற்றுப்பெறாத இராய கோபுரத்திற்கு மேற்கே நிற்பது அம்மண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இறைவனின் வசந்த விழாவுக்கெனக் கட்டியது. ஆகவே வசந்த மண்டபம் என்றும் அதற்குப் பெயர். 124 தூண்கள் அதில் உள்ளன. விசுவநாதர் தொடங்கித் திருமலை வரை நாயக்க மன்னர்கள் தூண்களில் கைகூப்பி நிற்கின்றனர். கயிலையைப் பெயர்க்கும் இராவணனும், மீனாட்சி திருக்கல்யாணமும், கரும்பு உண்ணும் கல்யானையும் அங்கு உண்டு. 1792இல் மதுரைக்கு வந்த தாமசு டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் வரைந்த படத்தால் அதன் புகழ் இங்கிலாந்து வரை எட்டியது. 'புது' என்னும் அடைமொழி ஏறத்தாழ நானூறு ஆண்டாகியும் நீங்காமல் ஒட்டிக்கொண்டிருப்பது மதுரை மக்களின் பேச்சுக்கு ஓர் அழகு.

விழா நடப்பது வைகாசியில் சில நாள்களே. எஞ்சிய நாள்களில் அம்மண்டபம் அங்காடியாயிற்று. வளையல், பாத்திரம், பூசைப் பொருள், பாடநூல், துணி என்று ஒவ்வொரு தூண் இடைவெளியும் ஒரு கடையானது. அவற்றுள் தையற்காரர் வரிசை தனிச் சிறப்புடையது. கல்லில் செதுக்கிய பூவேலை ஆடையை இடையில் உடுத்தி, மேனியில் சட்டை இல்லாமல் நிற்கும் நாயக்க மன்னரின் காலடியில், காலால் மிதிக்கும் பொறிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. மண்டபத்திலோ சுற்றியுள்ள மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகளிலோ துணி எடுத்து வந்து, தூணோரத்தில் அளவு கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் சென்றால், தரிசனம் முடித்துத் திரும்பும்போது சட்டையோ பாவாடையோ தைத்து இருக்கும். அயல்நாட்டுப் பயணிகள் தாம் அணிந்து பழகிய உடையைக் காலையில் கொடுத்து, அதே போன்று வேறொன்று தைத்து மாலையில் வாங்கிச் செல்வது அங்கு வழக்கம். பள்ளிப் படிப்பைத் தாண்டாத தையற்காரர் பலர் மூன்று நான்கு அயல்மொழிகளில் அளவையும் விலையையும் பேசக் கற்றிருந்தனர்.

அவ்விரைவில் மறைந்துகிடக்கும் அறிவு எளிதில் கண்ணில் படுவதில்லை. துணி மேசைக்கு வந்தவுடன் தையற்காரர் முதலில் பார்ப்பது அதன் பன்னாவை, அதாவது அகலத்தை. 36 அங்குலப் பன்னாவில் இரண்டரை மீட்டர் வரை கேட்கும் முழுக்கைச் சட்டை, 58 அங்குலப் பன்னாவில் ஒன்றரை மீட்டரை ஒட்டி முடிந்துவிடும். அடுத்து, பாவு ஓடும் திசையை விரலால் இழுத்துப் பார்க்கிறார். பாவின் போக்கில் துணி நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நீளும். கழுத்துப்பட்டிக்கு ஒரு போக்கு, வளைவான ஓரத்திற்கு வேறு போக்கு. புதுப் பருத்தித் துணியாயின் நனைத்துக் காயவைத்தே வெட்டவேண்டும். இல்லையேல் முதல் துவைப்பில் சட்டை தம்பிக்குப் போய்விடும். கட்டமோ கோடோ உள்ள துணியாயின் முன்பக்கத்து இரு பாதிகளும் பொத்தான் வரிசையில் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். அதற்காகக் கொஞ்சம் துணி வீணாகும். அவ்வீணை ஏற்க மறுக்கும் வாடிக்கையாளரிடம் தையற்காரர் தோற்பதும் உண்டு.

அளவு எடுப்பதோ ஒரு தனிக்கலை. தோள், மார்பு, இடை, கைநீளம், கழுத்து என்று நாடா சொல்லும் எண்களைக் குறிப்பேட்டில் எழுதுவது யார்க்கும் இயலும். ஒரு தோள் சற்றே தாழ்ந்திருப்பது, முதுகு கூனத் தொடங்கியிருப்பது, சுமை தூக்கித் தூக்கி ஒரு கை நீண்டிருப்பது ஆகியவற்றை நாடா சொல்லாது, கண் சொல்லவேண்டும். நல்ல தையற்காரர் அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. தாழ்ந்த தோளுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுகிறார். அணிந்தவர் கண்ணாடியில் தம்மை நேராகக் காண்கிறார். பெண்கள் பெரும்பாலும் அளவு ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவர். உடம்பைத் தொட்டு அளக்கும் கூச்சத்திற்கு அது மாற்று. 'இதைவிட அரை விரல் தளர்வாக' என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல்லிலிருந்து, குறிப்பேட்டில் இல்லாத அளவை அவர் உய்த்துணர வேண்டும். உள்தையலில் ஓர் அங்குலம் துணி விட்டுவைப்பது, அடுத்த ஆண்டு உடம்பு பெருத்தால் பிரித்துத் தளர்த்துவதற்காக. வாங்குவோரின் எதிர்காலத்தையும் சேர்த்துத் தைக்கும் அவ்வழக்கம் ஆயத்த ஆடைகளில் காணக்கிடைப்பது அரிது.

புதுமண்டபத்துத் தையலுக்குச் சித்திரைத் திருவிழா உச்சம். கள்ளழகர் வைகையில் இறங்கும்போது தோல்பையில் நீர் நிரப்பி அவர்மீது பீய்ச்சும் நேர்த்திக்கடன் உடைய அடியார், அதற்கென்றே உரிய உடை பூணுவர். சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணத் துணியில் சரிகை வைத்துத் தைத்த சல்லடமும், தலைக்கு உருமாலும், இடைக்குக் கச்சையும் அவ்வுடையின் உறுப்புகள். பங்குனியிலேயே அவற்றுக்குத் துணி வெட்டத் தொடங்குவர். தலைமுறை தலைமுறையாக அவ்வுடைகளைத் தைத்து வருவோருள் இசுலாமியத் தையற்காரர் பலர் உளர். மதுரை இதை ஒரு செய்தியாகவே கருதுவதில்லை. பிற ஊரார்தாம் கேட்டு வியக்கின்றனர். திருமாலின் அடியாருக்கு இசுலாமியர் தைக்கும் உடை, சிவன் கோயில் விழாவுக்கெனக் கட்டிய மண்டபத்தில் உருவானது. சமய நல்லிணக்கம் பற்றி மேடைதோறும் பேசுவோர், அங்கே ஒரு பங்குனிப் பகல் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

அதே மதுரையில், மேலமாசி வீதி வீடொன்றில், 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் தைத்த ஆடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அதனால் தையலை அவர் வெறுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இயந்திரங்களைக் கடிந்து பேசிய அவர், 1924இல் இராமச்சந்திரன் என்னும் மாணவருடன் நிகழ்த்திய உரையாடலில், சிங்கர் தையற்பொறிக்கு மட்டும் விலக்கு அளித்தார். தன் மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாத அன்பிலிருந்து அப்பொறி பிறந்தது என்பது அவர் தந்த காரணம். அக்கதை வரலாற்றுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு. ஒருவர் கையையும் காலையும் விட்டு விலகாத பொறி அது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் தீப்பற்றி எரிந்தன. மண்டபத்தின் கூரையும் தூண்களும் சிதைந்தன. அதன்பின் கோயிலைச் சார்ந்த கடைகளை அகற்றும் பணி விரைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் புதுமண்டபத்துக் கடைகளும், அருகில் புதிதாகக் கட்டப்பட்ட குன்னத்தூர் சத்திர வளாகத்திற்கு மாற்றப்பட்டன. இம்மாற்றம் தவறன்று. ஆணி அறையப்பட்டும் புகை படிந்தும் பெட்டிகளுக்குப் பின்னே மறைந்தும் கிடந்த சிற்பங்கள் வெளிச்சம் காண்பது யாவர்க்கும் மகிழ்ச்சி. கல்லில் வடித்த கலைக்கு உரியவர் வாதாடினர், நீதிமன்றமும் செவிசாய்த்தது. கத்தரியில் வடிக்கும் கலைக்காக அவ்வாறு வாதாடியோர் குறைவு. கடை என்ற அளவில் அவர்களுக்கு மாற்றிடம் கிடைத்தது. கோயிலுக்கு வருபவர் தற்செயலாகத் தூணோரம் நின்று, துணியைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே அளவு கொடுக்கும் அந்தப் போக்குவரத்தை எந்தக் கட்டடத்திற்கும் ஆணையிட்டு மாற்ற இயலாது. இடம் பெயர்ந்த தொழிலுக்கு இது முதற்பெரும் இழப்பு.

சின்னசேலம் கடைவீதியில் நானூறாண்டு மண்டபம் இல்லை. இதுபோன்ற ஊர்களில் சவுளிக்கடைத் திண்ணையோ மாடிப்படியின் அடியோதான் புதுமண்டபம். துணி எடுத்தவர் நான்கு அடி நடந்து அளவு கொடுத்த காலத்தை ஐம்பது வயது கடந்தோர் நினைவுகூர்வர். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து திருமணத்திற்குத் துணி எடுப்போர், அன்றே தைத்து வாங்கிப்போக முடியுமா என்று கேட்டுக் காத்திருந்த திண்ணைகள் அவை. திருப்பூரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆயத்த ஆடைகள் வந்து குவிந்தபின் ஆண்களின் சட்டையும் காற்சட்டையும் பெருமளவு தையற்காரர் கையை விட்டுப் போயின. சுமால், மீடியம், லார்ஜ் என்னும் மூன்று நான்கு உடம்புகளுக்குள் ஊர் முழுவதும் அடங்கவேண்டும் என்பது அவ்வாடைகளின் விதி.

அவ்விதிக்கு எளிதில் அடங்காத ஆடை ஒன்று உண்டு. அது ரவிக்கை. எண்பது சென்டிமீட்டரோ ஒரு மீட்டரோ கொண்ட அச்சிறு துண்டு, அணிபவரின் உடம்பை நூலளவு பிசகாமல் பின்பற்றவேண்டும். ஆகவே இன்றும் சிற்றூர்களில் தையற்பொறியின் ஓசை கேட்கிறதென்றால் பெரும்பாலும் அது ரவிக்கையின் ஓசை. தைப்பவரும் பெரும்பாலும் பெண். கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசத் தையற்பொறி வழங்குகிறது. சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வழங்கும் நான்கு இணைச் சீருடைகளைத் தைப்போர் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர். இவை போற்றத்தக்க ஏற்பாடுகள். ஆயினும் பொறி தருவது தையலை மட்டுமே. வெட்டு வேறிடத்திலிருந்து வரவேண்டும். வெட்டிக் கொடுத்ததைத் தைப்பவர்க்குக் கூலி சிறிது. அளந்து வெட்டத் தெரிந்தவர்க்கே வாடிக்கையாளர் உண்டு. அவ்வெட்டு முன்பு ஆசானின் மேசையருகே காஜா எடுத்து, பொத்தான் கட்டி, ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கற்கப்பட்டது. அம்மேசைகள் குறைந்துவிட்ட நிலையில், பொறி பெற்ற பெண்ணுக்கு வெட்டைக் கற்பிப்பவர் யார் என்னும் கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் தனித்தனியே விடை தேடவேண்டியுள்ளது.

இலக்கிய வட்டத்தினர் இதில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தையற்காரரின் பேச்சு ஒரு மொழிக்காட்சி. பொத்தானும் இஸ்திரியும் போர்த்துகீசியர் வழி வந்தவை என்பர். ரவிக்கை தெலுங்கோடு உறவுடையது, கஜம் பாரசீகத்தோடு. காஜா இந்துசுத்தானி, டக்கு, டாட், பாபின் ஆகியன ஆங்கிலம். இவற்றுக்கிடையே பாவு, ஓரம், மடிப்பு, கொசுவம் என்று பழந்தமிழ்ச் சொற்கள் அமைதியாக வாழ்கின்றன. வட்டத்து இளைஞர் இருவர் ஒரு குறிப்பேட்டோடு கடைவீதியில் உள்ள பழைய தையற்காரரிடம் சென்று அமர்ந்தால், இச்சொற்களையும் அவற்றோடு ஒட்டிய வேலைகளையும் எழுதிக்கொண்டு வரலாம். ஐப்பசியில் போகவேண்டா, தீபாவளித் துணிக்குவியலுக்கு நடுவே எவரும் தலைநிமிரமாட்டார். மார்கழி பிறந்து, திருமணங்கள் ஓய்ந்து, பொங்கல் துணி வரத் தொடங்குவதற்கு முன் உள்ள பத்துப் பதினைந்து நாள்கள் ஏற்றவை. அப்போது பொறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேசுவார்கள்.