கவிஞர்கள் வீட்டில் காண வேண்டிய படங்கள்



பத்தாம் ஆண்டு விழாவில் நான் சங்க இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். திரைப்படம் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று சொன்னபோது பொறுப்பாளர் ஒருவர், "திரைப்பாடல்களில் இலக்கியநயமா, அம்மா?" என்று கேட்டார். இல்லை ஐயா, பாட்டே இல்லாத படங்களைப் பற்றி என்றேன். அவர் முகத்தில் சற்றே ஏமாற்றம் தெரிந்தது. அந்த ஏமாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்க் கவிஞர்க்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் பாட்டோடு நின்றுவிட்டது. சினிமாவைப் பழித்து மேடையில் முழங்குவோம். பாட்டெழுத ஒரு வாய்ப்பு வந்தால் அடுத்த பேருந்தில் சென்னைக்குப் புறப்படுவோம். நம் வட்டத்துக் கவியரங்குகளில் படிக்கப்படும் கவிதைகள் பலவற்றில் யாரோ ஒரு இசையமைப்பாளரின் மெட்டு உள்ளே ஓடிக்கொண்டிருப்பதை நான் கேட்டிருக்கிறேன். உணர்ச்சி உச்சத்தை எட்டும் இடத்தில் கவிதை நின்று, பாட்டு தொடங்கிவிடுகிறது. திரைப்படத்தில் நாம் கற்றுக்கொண்டது இதைத்தான். கற்றிருக்க வேண்டியதோ வேறு. காட்டிவிட்டுச் சொல்லாமல் விடுவது எப்படி என்பதைச் சில படங்கள் அறிந்திருக்கின்றன. அதுவே நம் அகப்பாடல்களின் வழி. அப்படங்கள் திரையரங்கில் நெடுநாள் நிற்பதில்லை. நிற்கும் நாட்களிலும் திண்டுக்கல்லுக்கு வருவது அரிது. ஆகவே வீட்டில்தான் காண வேண்டும்.

வீட்டில் படம் பார்ப்பது நமக்குப் புதிதன்று. தூர்தர்ஷன் ஒன்றே இருந்த காலத்தில் ஞாயிறு பிற்பகல்களில் விருது பெற்ற மாநில மொழிப் படங்கள் வரும். அந்நேரத்தில் வீட்டு ஆண்கள் உறங்குவார்கள். பெண்கள் பாத்திரம் துலக்குவார்கள். பார்த்தது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். இன்று படம் நம் கையகலத் திரைக்கே வந்துவிட்டது. ஆயினும் வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அந்த வீட்டுத் தலைவி எந்தப் படத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்கிறாள் என்று கேட்டால் விடை பழைய விடைதான். இதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பழைய படம் ஒன்று. 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்'. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். வீணையில் ஊறிய ஒருவர், தமிழில் முதன்முதலாகப் பாடலே இல்லாத படத்தை எடுத்தார் என்பதை நான் எண்ணி எண்ணி வியப்பதுண்டு. இசையை அறிந்தவர்க்கே அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும் போலும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில் வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் அந்த மனிதன் வெவ்வேறாகத் தெரிகிறான். நாயகனாக நடித்த சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராக வருகிறார். எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்தத் துணிவு!

அடுத்து, பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). வேலைக்குப் போகும் பெண்ணொருத்தி தன் தங்கையோடும் முதிய தாத்தாவோடும் வாழ ஒரு வீடு கட்ட முயல்கிறாள். கதை அவ்வளவே. மனை, கடன், அனுமதி, சிமெண்டு, ஒப்பந்தக்காரரின் ஏய்ப்பு என்று செங்கல் செங்கலாக நகர்கிறது படம். பாடல்கள் இல்லை, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும் ஆங்காங்கே வருகிறது. அர்ச்சனாவுக்கு இப்படம் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. எனக்கோ படத்தின் உயிர் சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா வேடத்தில் இருக்கிறது. முடியாத வீட்டை அந்தக் கிழவர் தனியே சென்று பார்க்கிறாரே, அந்தக் காட்சியில் அவர் சுவரைப் பார்க்கும் பார்வையைக் கவிதையில் எழுத முயன்றால் நம்மில் எத்தனை பேர் உவமை சேர்க்காமல் எழுதுவோம்? அவரே நடித்த 'சந்தியா ராகம்' (1989) படத்தையும் இதனோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஓர் இடைச்செய்தி. உ.வே.சா. ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்ட கதையை மாணவியர்க்கு ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். செல்லரித்த ஏட்டுக்காகக் கலங்கும் நாம் படச்சுருளுக்காகக் கலங்குவதில்லை. தமிழின் முதல் மௌனப்படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இன்று இல்லை; 1931இல் வந்த முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. 2003ஆம் ஆண்டு சனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் எண்ணற்றவை சாம்பலாயின. ஜெயகாந்தன் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) படத்தைக் காண விரும்பும் என் மாணவிக்கு நான் எதைக் காட்டுவேன்? ஒரு படத்தைத் தேடுவோர் இருக்கும்வரைதான் அதை வைத்திருப்போரும் இருப்பர்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். நத்தத்தைத் தாண்டினால் மேலூர் வட்டம். அங்குள்ள அரிட்டாபட்டிப் பகுதியில் எடுக்கப்பட்டது பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. 2023 அக்டோபரில் சோனிலிவ் தளத்தில் வெளியானது. குடிகாரத் தகப்பன், சண்டையிட்டுத் தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு புறப்படுகிறான். திரும்பும்போது நடை. வெயில். அவ்வளவுதான் படம், ஒன்றேகால் மணி நேரம்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டுகிறாரல்லவா? வகுப்பில் அதை நடத்தும்போது பாலை என்பதைக் குளிர்ச்சியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். குடகனாற்றுப் படுகையில் சித்திரை மாதத்து நடுப்பகலில் செருப்பின்றி நடந்தவர்க்கே அச்சொல்லின் சூடு தெரியும். இப்படம் அந்தச் சூட்டைக் காட்டுகிறது. வளையில் புகைமூட்டி எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பம் ஒன்று வழியில் வருகிறது. இது பாலையின் கருப்பொருள். இரக்கத்தைத் தூண்டும் இசையோ, சமூகம் பற்றிய உரையாடலோ இல்லாமல் அது வருகிறது, போகிறது. தாகம் தணிக்கச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். அந்தக் கல்லை அவன் வீட்டில் எங்கே வைக்கிறான் என்பதைப் படத்தில் பாருங்கள். இறுதியில் ஊற்றுக்குழி ஒன்றைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். நீர் ஊறி வரும் வரையில் காத்திருக்க வேண்டும். நம்மையும் காத்திருக்க வைக்கிறார் இயக்குநர். பொறுமையிழந்து படத்தை ஓட்டிவிட்டால் பாடலின் இறுதியடியைக் கிழித்தெறிந்தது போலாகும். குறுந்தொகையில் நான்கடிக்கும் எட்டடிக்கும் இடையே நடக்கும் வேலை இதுவே.

அதே இயக்குநரின் 'கொட்டுக்காளி' 2024இல் வெளிவந்தது. நான் இன்று பேச வந்ததே இப்படத்தைப் பற்றித்தான் என்று சொன்னாலும் பொருந்தும். மதுரைப் பக்கத்துக் குடும்பமொன்று மீனா என்னும் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு சாமியாடியிடம் போகிறது. மீனா வேறு சாதி இளைஞனை விரும்புகிறாள். குடும்பத்தார்க்கோ அது பேய் பிடித்த நோய். அவளை மணக்க உரிமை கொண்ட பாண்டி, தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் கத்தியபடி உடன் வருகிறான். பாடல் இல்லை, பின்னணி இசையும் முற்றாக இல்லை. ஆட்டோ ஒலி, கோழிச் சத்தம், காற்று. சூரியும் அன்னா பென்னும் நடித்திருக்கிறார்கள்.

இது வெறியாட்டு அல்லவா? தலைவியின் மேனி வாடக் கண்ட தாய், முருகனால் வந்த நோயென்று கருதி வேலனை அழைக்கிறாள். கழங்கு பார்க்கிறார்கள், மறியறுக்கிறார்கள். நோய்க்குக் காரணம் காதல் என்பது தலைவிக்கும் தோழிக்கும் மட்டுமே தெரியும். இத்துறையைப் பாடியதாலேயே 'வெறிபாடிய' என்னும் அடைமொழி பெற்றார் காமக்கண்ணியார். அவருடைய அகநானூற்று 22ஆம் பாட்டில், களமிழைத்து வெறியெடுத்த அந்த இரவிலேயே தலைவன் மறைவாக வந்து சேர, நோய் தீர்ந்த தலைவி வேலனின் வீண் பாடுகளை எண்ணிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மீனாவின் முகத்தைப் பாருங்கள். படம் முழுவதும் ஏறக்குறைய அவள் பேசுவதில்லை. சங்கத் தலைவிக்குத் தோழி இருந்தாள். வெறிவிலக்கவும் அறத்தொடு நிற்கவும் அவள் வாய் திறந்தாள். மீனாவைச் சுற்றிப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். தோழி ஒருத்தியும் இல்லை.

பலிக்கென்று கட்டிக் கொண்டுபோகும் சேவல் ஒன்றும் அப்பயணத்தில் வருகிறது. சேவல்தான் மீனா என்று யாரும் சொல்வதில்லை. உள்ளுறையைத் தெய்வம் நீங்கிய கருப்பொருளில் அமைக்கச் சொன்னார் தொல்காப்பியர்; இங்கே அந்தக் கருப்பொருள் தெய்வத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. இதை மாணவியரிடம் சொன்னபோது, பத்து ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிவந்த உள்ளுறை அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது.

இதை வெறும் நயம் பாராட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டா. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறி மணந்த இளைஞர் ஒருவர் மனைவியின் கண்முன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பெண் நம் மாவட்டத்துப் பழனியைச் சேர்ந்தவர். இம்மாவட்டத்தில் இருந்துகொண்டு காதல் கவிதை எழுதும் நாம், நம் கவிதையில் அந்தச் சாலையும் அந்த ஆட்டோவும் ஏன் வருவதில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நிலவும் கொடியும் மட்டும் தவறாமல் வருகின்றன.

இன்னும் சிலவற்றை விரைந்து சொல்கிறேன். அருண் கார்த்திக்கின் 'நசிர்' (2020), திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை' என்னும் சிறுகதையை ஒட்டியது. கோவையில் துணிக்கடையில் வேலை செய்யும் எளிய மனிதர், கவிதையில் நாட்டமுள்ளவர். அவருடைய ஒரு நாள். அந்த நாளின் முடிவைத் தனியே இருந்து பார்க்காதீர்கள். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) தேனி மலைப்பகுதியில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒருவன் காணி நிலத்துக்காக ஏங்குவதைச் சொல்வது. நிலம் கைவிட்டுப் போனபின் அவன் எங்கே காவல் நிற்கிறான் என்பதுதான் படத்தின் முடிபு. பெருமாள்முருகனின் 'வறுகறி' கதையை ஒட்டித் தமிழ் இயக்கிய 'சேத்துமான்', 2022இல் வெளியானது. ஒரு கூடைமுடையும் தாத்தாவும் பேரனும் பற்றியது. கதையும் படமும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டு ஆய்வேடு எழுதும் வழக்கம் நம் துறையில் பெருகிவிட்டது. எனக்கு அதில் ஈடுபாடில்லை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' ஒரு வித்தாக மட்டும் நின்று, மகேந்திரன் கையில் 'உதிரிப்பூக்கள்' (1979) வேறு செடியாக முளைத்ததே, அது போதும்.

தொடர் ஒன்றும் பரிந்துரைக்கிறேன். முத்துக்குமார் இயக்கி, 2023 சனவரியில் ஜீ5 தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த 'அயலி'. புதுக்கோட்டைப் பக்கத்து ஊரொன்றில், பூப்பெய்தியதும் பெண்ணுக்குத் திருமணம் செய்துவிடுவது வழக்கம். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிப் பெண்கள் யாரும் படித்ததில்லை. மருத்துவராக வேண்டுமென்று விரும்பும் தமிழ்ச்செல்வி தான் பூப்பெய்தியதை மறைக்கிறாள். கலைநுட்பத்தில் முன்சொன்ன படங்களுக்கு நிகரென்று கூறமாட்டேன். சில இடங்களில் உரத்துப் பேசுகிறது. ஆனால் தாயும் மகளும் சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான தொடரை நான் அறியேன்.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். இப்படங்களைக் காணும்போது அடுக்களையில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்காருங்கள். இரவுச் சமையலை அன்று முன்னதாக முடிக்க வேண்டும். அதில் ஆண்களும் கைகொடுக்க வேண்டும். காபி கேட்டுப் பாதியில் யாரையும் எழுப்பக் கூடாது. கைப்பேசியைப் பக்கத்து அறையில் வையுங்கள். பின்னணி இசையில்லாத படத்தில் மிக்சி ஓடினால் படமே கெட்டுவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருமுன் அகநானூற்றின் 22ஆம் பாட்டை ஒருமுறை படியுங்கள். ஓர் இரவு 'கொட்டுக்காளி'யை வீட்டாரோடு பாருங்கள். மீனாவுக்கு ஒரு தோழி வாய்த்திருந்தால் அந்த ஆட்டோவில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கவிதையாக எழுதிக்கொண்டு வாருங்கள். எட்டடிக்கு மேல் வேண்டா.