கூரையில் அன்டெனா: ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை
(மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிஷ் பூட்ட வசதியில்லாத வீடுகளில் இன்னும் அன்டெனாதான் துணை. அதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்திருக்கிறோம்.

1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது பீதுருதாலகால மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் வைத்தார்கள். மலை உச்சியில் இருந்தாலும், நம் லயத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே வேறொரு மலை நின்றால் படம் மங்கிவிடும். அதனால் கடைக்குப் போகுமுன் பக்கத்து லயத்தில் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள், எது தெளிவாகத் தெரிகிறது என்று பாருங்கள். செலவில்லாத பரீட்சை அது.

நீளக் கம்பிகள் வி.எச்.எப். அலைவரிசைக்கு, குட்டைக் கம்பிகள் யு.எச்.எப்.புக்கு. சாதாரண அன்டெனாவில் நீளமான கம்பி பின்னுக்கும், குட்டைக் கம்பிகள் கோபுரத்தைப் பார்த்தும் இருக்க வேணும். படத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அலை பலவீனம். ஒரே ஆள் இரண்டாகத் தெரிந்தால் மலையில் பட்டுத் திரும்பிவரும் அலை. அதற்கு பூஸ்டர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், அன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். பூஸ்டர் தேவைப்பட்டால் அன்டெனாவுக்குக் கிட்டவே பூட்டுங்கள்.

இனி முக்கியமான விசயம். நாங்கள் போன ஒரு லயத்தில், கம்பத்தை நிமிர்த்தும்போது அது சாய்ந்து கரண்ட் கம்பிக்கு ஒரு முழம் கிட்டப் போய் நின்றது. கீழே பிடித்திருந்தவர்கள் மூன்று பேர்! பட்டிருந்தால் மூன்று குடும்பம் தெருவில் நின்றிருக்கும். அதனால், கம்பம் விழுந்தாலும் கரண்ட் கம்பியில் படாத தூரத்தில்தான் நிறுத்த வேணும். அப்படி இடமில்லையென்றால் அந்த இடமே வேண்டாம்.

மழையிலும் காற்றிலும் தகரத்தில் ஏறாதீர்கள். துருப்பிடித்த தகரம் ஆளைத் தாங்காது. தகரத்தில் ஆணி அடித்தால் வீடு ஒழுகும்; கம்பத்தைச் சுவரோரம் நிலத்தில் ஊன்றி, மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி வரும். வானம் கறுக்கும்போதே கரண்ட் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடப் போகாதீர்கள். கம்பத்துக்கு எர்த் போடுவது நல்லது. அதுவும் இடியை முழுசாகத் தடுக்காது.

நாடகம் நாளைக்கும் பார்க்கலாம். கூரைக்கு ஏறின பிள்ளை பத்திரமாக இறங்கி வர வேணும், அதுதான் நமக்குப் பெரிசு.