இடம் கிடைக்குமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: "இந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?" முன்பு இக்கேள்வியை ஆசிரியரிடம் கேட்பார்கள், இன்று கைப்பேசியிடம் கேட்கிறார்கள். இன்ன கல்லூரியில் இடம் பெற நூற்றுக்கு இத்தனை பங்கு வாய்ப்பு உண்டு என்று நொடியில் விடை வருகிறது. அவ்விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பொறியியற் கல்வியையே எடுத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் அதற்கென நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200 என்று கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 பெற்றவருக்கு 92, 44, 45 சேர்ந்து 181 ஆகும். சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணோடு இதனை ஒப்பிட்டுச் சொல்வதே முன்கணிப்பு.

சென்ற ஆண்டின் கணக்கு பொய்யன்று. ஆயினும் அது நடந்து முடிந்ததன் குறிப்பேயன்றி, நடக்கப்போவதன் உறுதிமொழி அன்று. வினாத்தாள் எளிதாயின் எல்லோர் மதிப்பெண்ணும் உயரும். எல்லைக்கோடும் உடன் உயரும். 2021-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம், பதினோராம் வகுப்பு மதிப்பெண்களும் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததும் அவ்வாண்டிலேதான். முந்தைய ஆண்டின் அளவுகோல் அங்கே எவ்வாறு பொருந்தும்? ஆகவே, மதிப்பெண்ணைக் காட்டிலும் தரவரிசை எண்ணே நல்ல வழிகாட்டி. உமக்கு முன்னே எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதை அது கூறுகிறது. ஆயினும் அவர்கள் எதை விரும்புவார்கள் என்பதை அதுவும் கூறாது.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தெருவில் வாழும் மாணவன் ஒருவன், தன் விருப்பப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினான். வீட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்றுவரக்கூடிய, அவன் மிக விரும்பிய கல்லூரி அதில் இல்லை. காரணம் கேட்டேன். "நூற்றுக்குப் பத்துதான் வாய்ப்பு என்று வந்தது, ஐயா, அதனால் எடுத்துவிட்டேன்" என்றான். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த நானும் தலையசைத்துவிட்டேன். கலந்தாய்வு முடிந்தபின் பார்த்தால், அதே பிரிவில், அவனுக்குப் பின் தரவரிசையில் இருந்த ஒருவருக்கு அக்கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கணிப்புப் பொய்த்தது என்று சொல்லமாட்டேன். பத்துப் பங்கு என்பது இல்லை என்பதாகாது. அப்பொருளை அவனுக்கு எடுத்துரைக்க வேண்டியவன் நான். அன்று உரைக்கத் தவறினேன்.

இடம் ஒதுக்கும் முறையை அறிந்தால் இப்பிழை நேராது. உமது முறை வரும்போது, பட்டியலின் முதல் விருப்பத்தில் இடம் உண்டா என்று கணினி பார்க்கிறது. இல்லையேல் இரண்டாவதற்குச் செல்கிறது, பின் மூன்றாவதற்கு. அரிய கல்லூரியை மேலே எழுதியதனால் கீழே உள்ளது கைநழுவிப் போவதில்லை. எழுதாத கல்லூரி மட்டும் ஒருபோதும் கிடைக்காது.

ஆகவே, முன்கணிப்பைக் காணும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த ஆண்டின் கணக்கு? மதிப்பெண்ணைக் கொண்டதா, தரவரிசையைக் கொண்டதா? என் பிரிவுக்கு உரியதா? பின்னர், உங்கள் உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே பட்டியலை எழுதுங்கள். உறுதியாகக் கிடைக்கக்கூடிய சிலவற்றையும் இறுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை நீட்டுவதற்கு முன்கணிப்பு உதவட்டும். விரும்பியதை அடித்துவிடுவதற்கு அது உதவ வேண்டாம்.