பிள்ளைக்காகக் கலந்து பேசுவோம்
(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அல்பகரா அத்தியாயத்தில், தலாக் பற்றிய சட்டங்களுக்கு நடுவே 233ஆம் வசனம் அமைந்துள்ளது. பாலூட்டும் காலம் முழுமையாக 2 ஆண்டுகள் என்றும், தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும் அல்லாஹ் கூறுகின்றான். அத்துடன் நிறுத்தவில்லை. அதற்கு முன்பே பால்குடியை மறக்கச் செய்ய விரும்பினால், இருவரும் மனம் ஒப்பி, கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என்கின்றான். பிரிந்துபோன இருவரே ஒரு மடிக்குழந்தைக்காகக் கலந்து பேச வேண்டுமெனில், சேர்ந்து வாழும் நாம் எத்தனை விஷயங்களைப் பேசாமல் விட்டுவிடுகின்றோம்!

நம் பள்ளிவாசலுக்கு வரும் குடும்ப வழக்குகளில் மஹர், நகை, சீர்ப்பொருள் பற்றி இஷா முதல் நள்ளிரவு வரை பேசுகின்றோம். பிள்ளையின் படிப்பை இனி யார் கவனிப்பது என்று எவரும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கேட்டதில்லை.

நம் மஹல்லாவில் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு நாவில்லை. இப்பள்ளியின் மாடியும் அவர்களின் வியர்வையில்தான் எழுந்தது. ஆயினும் பணம் அனுப்பியதும் கடமை தீர்ந்தது, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிடுவது மேற்கூறிய வசனத்தின் பாதியை மட்டும் ஏற்பதாகும்.

இதை நான் பட்டறிந்து கூறுகின்றேன். வெளியூரில் இமாமத் செய்த காலத்தில் மாதம் ஒருமுறைதான் வீடு செல்வேன். அப்போது 4 வயதிலிருந்த என் மகன் ஒருநாள் என்னை "ஹஜ்ரத்" என்று அழைத்தான். தெருவார் அழைப்பதைக் கேட்டுப் பழகியிருக்கின்றான். வீட்டார் சிரித்தனர், நானும் சிரித்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஸஜ்தாவில் இருக்கையில் பேரர் முதுகில் ஏறிக்கொள்ள, குழந்தையை அவசரப்படுத்த மனமின்றி அந்த ஸஜ்தாவையே நீட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்நிகழ்ச்சியை எத்தனை ஜும்ஆக்களில் பயான் செய்திருப்பேன்! என் மகன் முதுகில் ஏற நான் வீட்டில் இல்லை. அடுத்த ஆண்டே சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஊருக்கு அருகில் வந்துவிட்டேன். எல்லோருக்கும் அது இயலாது என்பதை அறிவேன்.

இயன்றதைக் கேட்கின்றேன். விடுமுறையில் வந்துள்ள அத்தாமார்கள் நாளை மஃரிபுக்குப் பின் மக்தபிற்கு வந்து பிள்ளைகள் ஓதுவதைக் கேளுங்கள். நாற்காலி கிடையாது, பாயில்தான் அமர வேண்டும். கடல் கடந்து இருப்போர், வீட்டிற்குப் பேசும்போது அன்றைய பாடத்தைப் பிள்ளையிடம் ஒப்புவிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓதுவதில் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கின்றேன்.